பற்றாசு

சங்கராபுரத்தில் என் தமக்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மடிக்கணினி ஒன்றின் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு ஒன்பது நிமிஷம் அசையாமல் இருந்தேன். விரலை எடுத்தால் நான் எழுதி முடித்திருந்த நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்கள் போய்விடும்!

விஷயம் இதுதான். அந்தக் கணினியின் சேமிப்பு 32 ஜிகாபைட். கழற்றி மாட்டும் தட்டு அல்ல. பலகையோடு பலகையாகப் பற்றவைக்கப்பட்ட சிறு சில்லு. அது நிரம்பிவிட்டது. புதிது வாங்கலாம் என்றேன். டிப்ளமா படிக்கும் என் மருமகன் விடவில்லை. "எதுக்கு மாமா? இந்தச் சில்லை எடுத்துட்டு 128 ஜிகாபைட் வெச்சுடலாம். நானே செய்யறேன்" என்றான். செய்தும் விட்டான். இரண்டு வாரம் கணினி சமர்த்தாக வேலை செய்தது. மூன்று அத்தியாயங்கள் எழுதினேன். வேறெங்கும் பிரதி எடுத்து வைக்கவில்லை; சோம்பல்தான்.

பதினைந்தாம் நாள் சேமிப்பே காணோம் என்றது கணினி. அணைத்து ஆறவிட்டால் வந்தது, சூடேறியதும் மறைந்தது. மின்சாரத்தை அளந்து பார்த்தான் மருமகன்; சரியாக இருந்தது. சில்லே சொத்தையோ என்று சந்தேகித்தான். கடைசியில் முதுகு மூடியைக் கழற்றி, பென்சில் ரப்பரைச் சில்லின்மேல் வைத்து அழுத்தினான். உடனே உயிர் வந்தது. விட்டான்; போயிற்று.

எதிர்வீட்டுப் பத்தர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அறுபது வருஷம் நகை செய்த கை. கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அமுக்கினா இருக்குது, விட்டா இல்லைன்னா, அது ஒட்டியிருக்குது தம்பி, பத்தலை" என்றார்.

ஒட்டுவது வேறு, பற்றுவது வேறு! பொன்னையும் பொன்னையும் இணைக்கும் பொடிக்குப் பற்றாசு என்று பெயர். ஆசு என்றாலும் அதுவே. நம் புலவர்கள் இந்தச் சொல்லைப் பட்டறையிலிருந்து யாப்புக்கே கொண்டுபோய்விட்டார்கள். வெண்பாவில் தனிச்சொல் முன்னடியோடு சரியாக இசையாதபோது இடையில் ஓரசையோ ஈரசையோ சேர்ப்பார்கள். அப்படி அமைந்தது ஆசிடை நேரிசை வெண்பா. உலோகத்தை இணைக்கும் பற்றாசு போல இது சொல்லை இணைக்கிறது என்று உரைகாரர்கள் விளக்கம் சொல்கிறார்கள்.

இந்த வித்தை நமக்கு மட்டும் சொந்தமல்ல. கி.பி. 79ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்ட ரோமானிய அறிஞர் பிளினி, இரண்டு பங்கு காரீயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்து குழாய்களைப் பற்றவைப்பதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கலவையில் ஓர் அதிசயம் உண்டு. காரீயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். இரண்டையும் தக்க விகிதத்தில் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். வானொலிப் பெட்டி முதல் கணினி வரை இருபதாம் நூற்றாண்டின் மின்கருவிகளை எல்லாம் இந்தக் கலவைதான் சேர்த்துப் பிடித்திருந்தது.

இணைப்பு இப்படி நிலைத்திருக்க, நினைவுதான் வேஷம் மாறிக்கொண்டே வந்தது. 1956ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியார் வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்பில் இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. எடை ஒரு டன்னுக்கு மேல். கொண்டதோ ஐம்பது லட்சம் எழுத்து. 1960ல் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் ஓடத் தொடங்கிய டிஃப்ராக் கணினிக்குக் காந்த மணிகளே ஞாபகம். கம்பியில் கோத்த அந்த மணிகள் 2048 சொற்களை நினைவில் வைத்திருந்தன. பிறகு ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் இருந்த ஃபூஜியோ மசுவோகா, சுழலும் தட்டே இல்லாமல், மின்துகள்களைக் காப்பிட்ட சிறையில் அடைத்து வைக்கும் சில்லை 1984ல் உலகுக்கு அறிவித்தார். இன்று எங்கும் பரவியுள்ள அதன் நெருக்கமான வடிவத்தை 1987ல் அறிவித்தார். மின்சாரம் நின்றாலும் அந்தச் சிறை திறப்பதில்லை. எழுதியதை அழிப்பதோ புகைப்படக்காரரின் ஒளிவெட்டுப் போலக் கணத்தில் நடக்கும் என்று ஒரு சகா சொல்ல, 'ஃப்ளாஷ்' என்ற பெயர் வந்தது. என் மருமகன் வைத்த சில்லு கட்டைவிரல் நகத்தளவுதான். ராமாக்கைப் போல் இருபத்தைந்தாயிரம் மடங்கு கொள்ளும்!

ஆனால் அதன் அடியில் 153 ஈய மணிகள். எல்லாம் மறைவாக இருப்பவை. கண்ணால் பார்க்க வழியில்லை. அதோடு இன்னொரு சங்கதி. குப்பையில் எறியும் மின்கருவிகளின் காரீயம் மண்ணிலும் நீரிலும் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்ற அச்சத்தால், ஐரோப்பிய நாடுகள் 2006 ஜூலை 1 முதல் அதற்குத் தடை போட்டன. அதன்பின் உலகெங்கும் வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த கலவை பரவிற்று. அது உருக 217 டிகிரி வேண்டும். பையனோ பழைய புத்தகத்தைப் பார்த்து, பழைய கணக்கில், சில்லின் தலையில் மட்டும் சூட்டுக் காற்றை ஊதியிருக்கிறான். பலகைக்குள் பரந்திருந்த செம்புத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டது. சில மணிகள் உருகிப் பற்றின. சில வெறுமனே தொட்டுக்கொண்டு நின்றன.

"ஈயத்தைச் சுடக்கூடாது, பாத்திரத்தைச் சுடணும். பாத்திரம் காய்ஞ்சா ஈயம் தானா ஓடும்" என்றார் பத்தர். தெருவில் ஈயம் பூச வருகிறவர்கள் செய்வதும் அதுதானே? பித்தளை அண்டாவை முதலில் நெருப்பில் வாட்டி, நவச்சாரத்தைத் தூவிக் களிம்பைப் போக்கி, அதன் பிறகே ஈயத்தைத் தொடுவார்கள். பொன்வேலையில் நவச்சாரத்தின் இடத்தில் வெண்காரம். மருமகனிடம் டப்பாவில் பிசின் பசை. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றே: அழுக்கைப் போக்குவது.

மறுபடி சூடு காட்டுமுன் எழுதியதைக் காப்பாற்ற வேண்டும். சூட்டில் சில்லு கெட்டால் அத்தியாயங்கள் அதோடு போய்விடும். கணினியைத் திண்ணை ஓரத்தில் கவிழ்த்தோம். திரை கீழே தொங்கிற்று. ரப்பரை வைத்து நான் அழுத்தினேன். அது விழித்தெழ எட்டு நிமிஷம் ஆயிற்று. பிரதி எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது.

மறுநாள் பையன் பலகையை அடியிலிருந்து மெல்லச் சூடாக்கி, பசை தடவி, மேலிருந்து அளவாக ஊதினான். சாமணத்தால் சில்லை லேசாகத் தட்டினான். அது ஒரு மயிரிழை நகர்ந்து, யாரோ கூப்பிட்டாற்போலத் தன் இடத்துக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. மணிகள் அத்தனையும் உருகிவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இப்பப் பத்திடுச்சு" என்றார் பத்தர்.

அன்று மாலை மொட்டைமாடியில், மேற்கே கல்வராயன் மலை மங்கி வரும் நேரத்தில், மீட்டெடுத்த மூன்று அத்தியாயங்களைப் படித்தேன். நடு அத்தியாயத்தில் பத்தரின் குரல் கேட்டது. முன்னதோடும் பின்னதோடும் அது ஒட்டித்தான் இருந்தது, பற்றவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தத் தடவை பிரதியும் எடுத்து வைத்தேன்.