நேர்க்கோட்டின் சாய்வும் வெட்டுத்துண்டும்

ஆயத்தொலை வடிவியலில், நிலைக்குத்தாக அமையாத எந்தவொரு நேர்க்கோட்டையும் முழுமையாகத் தீர்மானிப்பவை சாய்வு, ஒய் வெட்டுத்துண்டு என்னும் இரண்டு எண்களாகும். கோட்டின்மீதுள்ள இரு புள்ளிகளின் ஒய் ஆயத்தொலைவுகளின் வேறுபாட்டை, அதே வரிசையில் எடுத்த எக்ஸ் ஆயத்தொலைவுகளின் வேறுபாட்டால் வகுக்கக் கிடைக்கும் ஈவு சாய்வு எனப்படும். எந்த இரு புள்ளிகளைத் தேர்ந்தாலும் இவ்வீவு மாறாதிருப்பதே நேர்க்கோட்டை வளைகோட்டிலிருந்து பிரித்துக்காட்டும் பண்பாகும். நிலைக்குத்துக் கோட்டில் வகுக்கும் எண் சுழியாகிவிடுவதால் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படுவதில்லை. கோடு ஒய் அச்சைச் சந்திக்கும் புள்ளியின் ஒய் ஆயத்தொலைவே ஒய் வெட்டுத்துண்டு. அது குறை எண்ணாகவும் அமையக்கூடுமாதலால் அதனை வெறும் நீளமாகக் கொள்வது பொருந்தாது.

இவ்விரண்டின் பணியும் வேறு வேறு என்பதை வெப்பநிலை அளவைகள் மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. நீர் உறையும் நிலை செல்சியஸில் 0, பாரன்ஹீட்டில் 32. கொதிநிலை முறையே 100, 212. எனவே, செல்சியஸை எக்ஸ் அச்சிலும் பாரன்ஹீட்டை ஒய் அச்சிலும் குறித்தால், 180ஐ 100ஆல் வகுக்க வரும் 1.8 சாய்வாகவும், 32 வெட்டுத்துண்டாகவும் அமைகின்றன. 37 பாகை செல்சியஸை மாற்ற, 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்ட, 98.6 கிடைக்கும். ஆனால் உடல் வெப்பம் 1 பாகை செல்சியஸ் ஏறியது என்றால், பாரன்ஹீட்டில் ஏற்றம் 1.8 பாகையே அன்றி 33.8 அன்று. மாற்றத்தை அளப்பது சாய்வு மட்டுமே என்பதும், கழிக்கும்போது வெட்டுத்துண்டு நீங்கிவிடும் என்பதும் மாணவர் பெரிதும் தவறவிடும் நுட்பங்களாகும். பாரன்ஹீட்டுக்கு இணையான பாகை அளவுடன் தனிச்சுழியிலிருந்து தொடங்கும் ராங்கின் அளவையில் வெட்டுத்துண்டு 491.67 ஆக மாறினும் சாய்வு 1.8 ஆகவே நிற்பதால், அவ்விரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்கின்றன.