சித்தூர்க்காரனுக்கு ஒரு கடற்கரை

எங்க சித்தூர் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. 1911-ல் உருவானதிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் அப்படித்தான். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது, நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டைப் பக்கமும் பழவேற்காடு ஏரியும் அதில் சேர்ந்தன. ஏழுமலையானுக்கும் கடற்கரை கிடைச்சாச்சு :-)

கடலோரப் பாதுகாப்புத் திட்டங்களுக்கு லாப நஷ்டக் கணக்குப் போடுவதுதான் இங்கே என் பிழைப்பு. ஊரின் புது மேப்பைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா? கண்ணில் பட்டது பக்கிங்ஹாம் கால்வாய்.

1806-ல் சென்னையில் வெட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆந்திரா வரை நீண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஓடின. தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-ல், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. துண்டைப் பட்டினி கிடந்த சனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். கால்வாய்க்குக் கவர்னர் பெயர் வந்தது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ரயிலும் லாரியும் வந்தபின் படகுகள் நின்றன. என்னை மாதிரி ஆளிடம் கொடுத்திருந்தால் 'வருமானம் பூஜ்யம்' என்று எழுதியிருப்பேன்.

பிறகு வந்தது 2004 டிசம்பர் 26. ஆந்திராவின் பெத்தகஞ்சம் முதல் சென்னை வரை, சுமார் 310 கி.மீ. நீளத்துக்கு, சுனாமித் தண்ணீரைக் கால்வாய் வாங்கிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வடிய விட்டது, பல மீனவர்கள் பிழைத்தார்கள் என்று 2005-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வாளர் எழுதினார்.

சரி, நடக்காத சேதத்தை எப்படி அளப்பது? பக்கத்து ஊரோடு ஒப்பிட வேண்டும். 1999 ஒடிசா புயலுக்குப் பின் பித்தர்கனிகா அருகே மூன்று கிராமங்களில் அப்படித்தான் கணக்கெடுத்தார்கள். அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊரில் வீட்டுக்குச் சராசரி நஷ்டம் 33 டாலர். காடும் கரையும் இல்லாத ஊரில் 44. காடில்லாமல் மண்கரை மட்டும் போட்ட ஊரில் 154! கரையை உடைத்து உள்ளே வந்த உப்புத்தண்ணீர், அதே கரையால் வெளியே போக முடியாமல் வயலிலேயே நின்றுவிட்டது.

இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. என் கணக்குகளில் சுவரின் உயரம் இருக்கும், சிமெண்டின் விலை இருக்கும். வந்த தண்ணீர் எந்த வழியாகத் திரும்பும் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. எங்க மாவட்டத்து மீனவர் குப்பங்களுக்கு நாளை யாராவது கரை போட வந்தால், முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கணும்.

லீவுக்குப் போகும்போது மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் ஏறினால், கீழே ஓடும் கறுப்புத் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்க. பஞ்சத்தில் வெட்டிய துண்டு அதுதான்.