களவும் வழிக்கொள்ளையும்

பிறர் பொருளைக் கவர்வோர் அனைவரையும் 'திருடர்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது நம் பேச்சு வழக்கு. ஃபிக்ஹு நூல்கள் அவ்வாறு அடக்குவதில்லை. பாதுகாப்பிலுள்ள பொருளை மறைவாக எடுப்பது 'ஸரிகா'. கண்ணெதிரே பறித்துக்கொண்டு ஓடுவது 'இக்திலாஸ்'. வலிமையால் அபகரிப்பது 'கஸ்ப்'. இம்மூன்றில் கை வெட்டும் தண்டனை, உரிய நிபந்தனைகளுடன், முதலாவதற்கு மட்டுமே. பறித்தோடுபவனுக்கு அத்தண்டனை இல்லையென ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் உள்ளது. பறிப்பவனைக் கண்டவர் கூக்குரலிடலாம், சாட்சியும் சொல்லலாம். மறைவில் வருபவனிடம் அதற்கு வழியேது என்பது அறிஞர் தரும் விளக்கம்.

ஆயுத பலத்தால் வழிமறிப்பதோ தனிக் குற்றம். அதன் பெயர் 'ஹிராபா'. திருக்குர்ஆனின் 5:33ஆம் வசனம் அதற்கு அடிப்படை. இக்குற்றம் நகருக்குள்ளும் நிகழுமா? கூஃபாவில் வாழ்ந்த இமாம் அபூஹனீஃபா (மறைவு ஹி. 150) நிகழாது என்றார், நகரில் குரலெழுப்பினால் உதவி வந்துவிடும். மதீனாவின் இமாம் மாலிக் (மறைவு ஹி. 179) நகரென்றும் வெளியென்றும் பிரிக்கவில்லை. அபூஹனீஃபாவின் மாணவர் அபூயூஸுஃபும் இதில் ஆசிரியருடன் உடன்படவில்லை. மாணவர் ஆசிரியரை மறுப்பது ஹனஃபி மத்ஹபில் புதிதன்று; எனினும் இதற்கு காஸானீ (மறைவு ஹி. 587) 'பதாயிஉஸ் ஸனாயிஃ' நூலில் கூறும் காரணம் கருதத்தக்கது. இமாமின் காலத்தில் நகரமக்கள் ஆயுதம் தரித்திருந்தனர். பின்னர் அவ்வழக்கம் ஒழிந்தது, கொள்ளையர் கை ஓங்கிற்று. சட்ட நூலின் இவ்வரிகளில் நகர வாழ்வின் வரலாறே நமக்குப் புலப்படுகிறது.

அடுத்த வசனமான 5:34இன்படி, பிடிபடுமுன் திருந்திய கொள்ளையனுக்கு அத்தண்டனை நீங்கும். பறித்த பொருளை உரியவரிடம் ஒப்படைக்கும் கடமை நீங்காது.