வித்தும் நிலமும்: ஓர் உவமையின் வரலாறு

உவமை அறிவுக்கு வழி திறப்பதுண்டு. அவ்வழியை அடைத்து நிற்பதும் உண்டு. ஆண் வித்து, பெண் நிலம் என்னும் உவமை இரண்டாம் வகையைச் சாரும். பல நாகரிகங்களுக்கும் பொதுவான இவ்வெண்ணத்தின் சுவடு தமிழிலும் உண்டு. ஆணின் உறுப்பை 'விதை' என்றே வழங்குகிறோம். கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், தச்சன் மரத்திற்கு வடிவம் தருவதுபோல ஆணே கருவிற்கு உருவம் தருகிறான் என்றும், பெண் அளிப்பது மூலப்பொருள் மட்டுமே என்றும் கருதினார். அக்கருத்தின் நிழல் ஐரோப்பிய மருத்துவத்தின்மேல் நெடுங்காலம் படிந்திருந்தது.

கண்டதும் கற்பித்ததும்

டச்சு நாட்டு டெல்ஃப்ட் நகர மருத்துவர் தெ கிராஃப், 1668இல் ஆணின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றித் தனிநூல் வெளியிட்டார். விதை வெறும் சதைப்பிழம்பன்று. நுண்குழல்கள் நூற்கண்டுபோலச் சுருண்டு செறிந்த அமைப்பு என அவர் நிறுவினார். ஒவ்வொரு விதையிலும் ஏறத்தாழ 250 சிற்றறைகளும், ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு குழல்களும் உள்ளன என்பது இன்று அறியப்பட்ட செய்தியாகும்.

அதே நகரத்து லீவன்ஹுக், 1677இல் நுண்ணோக்கியின் வழியே விந்தணுக்களைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆனால் 1694இல் ஹார்ட்சூக்கர் வெளியிட்ட படத்தில், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் முழங்கால் மடக்கி அமர்ந்திருந்தான். அவ்வுருவைக் கண்டதாக அவர் கூறவில்லை. காண இயன்றால் இவ்வாறிருக்கலாம் என்றே எண்ணினார். கண் எட்டாத இடத்தை உவமை நிரப்பிற்று. விதைக்குள் மரம் முழுமையாக ஒடுங்கியிருப்பின், நிலத்திற்கு ஏது பங்கு?

உல்ஃப் கண்ட உண்மை

இவ்வினாவிற்கு விடை கோழி முட்டையிலிருந்து வந்தது. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் 1759இல் காஸ்பர் ஃபிரீட்ரிக் உல்ஃப் அளித்த ஆய்வேடு, உறுப்புகள் முன்னரே சிறுவடிவில் ஒளிந்திருப்பவை அல்ல, உருவமற்ற பொருளிலிருந்து படிப்படியே தோன்றுபவை என்று வாதிட்டது. அக்காலப் பேரறிஞர் ஹாலர் அதனை ஏற்கவில்லை. பெர்லினில் பேராசிரியர் பதவி பெறாத உல்ஃப், 1767இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று, 1794இல் அங்கேயே மறைந்தார். 1812இல் மெக்கல் அவருடைய ஆய்வொன்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்த பின்னரே அவர் புகழ் பரவிற்று.

அவர் கோழிக்கருவில் கண்ட தற்காலிகச் சிறுநீரகம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. மனிதக் கருவில் அது நான்காம் வாரத்தில் தோன்றிச் சில வாரங்கள் இயங்கிப் பின் தேய்கின்றது. நிலையான சிறுநீரகத்திற்கான அரும்பு அதன் நாளத்திலிருந்தே கிளைக்கின்றது. சிறுநீரகம் மறைந்தபின் அந்நாளம் ஆண் கருவில் அழிவதில்லை. விதையின் பின்புறத்தே ஏறத்தாழ 6 மீட்டர் நீளம் சுருண்டு கிடக்கும் குழலாகவும், விந்துநாளமாகவும், விந்துப்பையாகவும் உருமாறுகின்றது. கழிவுநீர் சென்ற வழியே உயிரணு செல்லும் வழியாகின்றது.

இரு வழிகள்

1827இல் பேர் பாலூட்டியின் கருமுட்டையைக் கண்டறிந்தார். பெண்ணும் வித்துடையவள் என்பது மெய்ப்பட்டது. 1830இல் முல்லர் மற்றொரு நாளத்தை விளக்கினார். கருப்பையும் கருக்குழாய்களும் அதிலிருந்து உருவாகின்றன. ஆறு வாரக் கரு எதுவாயினும் இவ்விரு நாளங்களையும் உடையதாகவே இருக்கின்றது.

அவற்றுள் எது நிலைப்பது என்பதை விதையின் திசுக்களே முடிவு செய்கின்றன. 1850இல் லைடிக் விவரித்த செல்களின் சுரப்பு உல்ஃப் நாளத்தைக் காக்கின்றது. 1865இல் செர்டோலி விவரித்த செல்களின் சுரப்பு முல்லர் நாளத்தைத் தேய்க்கின்றது. 1947இல் பிரான்சு நாட்டு அல்ஃபிரட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றிலிருந்த குட்டிகளின் இனச்சுரப்பிகளை உரிய பருவத்திற்கு முன்னரே நீக்கினார். ஆணாக வேண்டிய குட்டிகளிலும் கருப்பை வழியே வளர்ந்தது. ஆணின் விதைமேல் முல்லர் நாளத்தின் சிறு எச்சம் இன்றும் ஒட்டியிருப்பது இதற்குச் சான்றாகும்.

ஆகவே ஆணுடலும் பெண்ணுடலும் ஒரே தொடக்கத்திலிருந்து பிரிந்த இரு கிளைகளே எனலாம். வித்தையும் நிலத்தையும் உவமையாக்கும் கவிஞர் இனி அதனைக் கையாளலாகாது என்பதன்று கருத்து. அவ்வுவமை எவருடைய பங்கை மறைத்து வந்தது என்பதை அறிந்து கையாளுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் செய்தியாகும்.