கரிசல் காட்டு வண்டிப்பாதைகள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், அங்கிருந்து தென்கிழக்கே எப்போதும்வென்றான், குறுக்குச்சாலை என்று தூத்துக்குடிக் கடற்கரையை நோக்கி விரிந்து கிடக்கும் கரிசல் பூமி, பார்வைக்குச் சமதளம் போலத் தோன்றினாலும் சமதளம் அல்ல. மெல்ல ஏறி மெல்ல இறங்கும் நிலம் அது. மேட்டின் முதுகில் சரளும் செவலும் தலைகாட்டும். இறக்கத்தில் கரிசல் ஆழமாகப் படிந்திருக்கும். அதன் அடியில் ஓர் ஓடை, ஓடையை மறித்து ஒரு கண்மாய்க் கரை. மேற்கே குருமலைக் காப்புக்காட்டின் குன்றுகள். இந்த ஏற்ற இறக்கங்களின் ஊடே ஊரோடு ஊரையும், ஊரோடு சந்தையையும், எல்லாவற்றையும் துறைமுகத்தோடும் இணைத்தவை வண்டிப்பாதைகள். தார்ச்சாலை வருவதற்கு முன்பு சில நூற்றாண்டுகள் இந்த வட்டாரத்தின் போக்குவரத்து முழுவதையும் அவைதான் சுமந்தன.

பாதை எங்கே போக வேண்டும் என்பதை இங்கே மண் முடிவு செய்தது. கரிசல் ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் மேல் ஏறிய வண்டியின் கதி பரிதாபமானது. பசை போன்ற சேறு வட்டையில் அப்பி, ஆரக்கால்களின் இடைவெளியை அடைத்து, சுற்றுக்குச் சுற்று சக்கரத்தைக் கனக்கச் செய்யும். கடைசியில் மாடு மண்டியிட்டுவிடும். அதனால் ஒரே ஊருக்கு இரண்டு வழிகள் இருந்தன. மழைக்காலத்தில் சரள் மேட்டின் முதுகைப் பிடித்துச் சுற்றிப் போகிற வழி ஒன்று. கோடையில் ஓடையைக் குறுக்கே கடந்து நேரே போகிற வழி ஒன்று. தை பிறந்து பனியும் விட்டபின் அதே கரிசல் கல்லாக இறுகிவிடும். வண்டிகள் போகப் போகத் தடம் படிந்து வழவழப்பாகும். மானாவாரியாக ஐப்பசியை ஒட்டி விதைத்த பருத்தி, பங்குனிக்கு மேல்தான் வெடித்து வீடு வந்து சேரும். விளைச்சல் விலைக்குப் போகும் மாதங்களும் பாதை உறுதியாக இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைந்தது கரிசல் விவசாயிக்கு வாய்த்த பெரும் பேறு. இந்த இசைவு இல்லாமல் இந்த மண்ணிலிருந்து இவ்வளவு பருத்தி கடற்கரை போய்ச் சேர்ந்திருக்காது.

கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போன முதல் பெரிய சரக்கு உப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். உப்பேற்றிய வண்டிகளோடு கூட்டமாகப் பயணம் செய்த உமணர்களைச் சங்கப் பாடல்கள் பலவும் காட்டுகின்றன. நாயக்கர் காலத்தில் தெலுங்கு பேசும் உழவர் குடிகள் இந்தக் கரிசலில் வந்து தங்கி, காடு திருத்தி ஊர்களை உண்டாக்கியபோது பாதைகள் பெருகின. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்பாண்டி நாட்டின் பழைய சாலைகள் பலவும் தாங்கி நிற்கின்றன. ஆயினும் அவற்றுள் பெரிய சாலை, மதுரையிலிருந்து கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்குப் போனது. எட்டயபுரம், எப்போதும்வென்றான் பக்கத்து ஊர்களுக்கு வண்டித்தடம்தான் கதி.

பாளையப்போர்களில் இந்தத் தடங்களில் பீரங்கிகள் உருண்டன. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையில் வந்த கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அக்டோபர் 16 அன்று அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையைப் பிடிக்க 1801 மே மாதம் கர்னல் அக்னியூ பெரும்படையோடு வர வேண்டியிருந்தது. கரிசல் மண்ணைக் குழைத்துக் கட்டி, முள்வேலி சூழ வளர்த்த கோட்டை அது. கோட்டைகள் தரைமட்டமானபின் பாளையங்கள் ஜமீன்கள் ஆயின. போர் ஓய்ந்த பாதைகளில் வியாபாரம் நிலைகொண்டது.

அந்த வியாபாரத்தின் பெயர் பருத்தி. தூத்துக்குடி 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கும், 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கும் வந்தது. டச்சுக்காரர் காலத்தில் துணியாகக் கப்பலேறியது, ஆங்கிலேயர் காலத்தில் பஞ்சாகக் கப்பலேறத் தொடங்கியது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனதும் இந்தியப் பஞ்சின் விலை எகிறியது. அடுத்த நான்கைந்து ஆண்டுகள் கரிசல் காட்டில் பருத்திக்குப் பொற்காலம். உலகச் சந்தையில் 'தின்னெவெல்லி' என்ற பெயரில் விலைபோன பஞ்சு, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்து மானாவாரிக் காடுகளிலும் விளைந்ததுதான்.

பொதி ஏற்றிய இரட்டை மாட்டு வண்டி மணிக்கு 3 முதல் 4 கிலோமீட்டர் போகும். எப்போதும்வென்றானிலிருந்து தூத்துக்குடி சுமார் 30 கிலோமீட்டர். அதாவது ஓர் இரவுப் பயணம். கோடை வெயிலில் மாடு தாங்காது என்பதால் சாயங்காலம் பூட்டி, விடியலில் பேட்டை போய்ச் சேருவதே வழக்கம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். முதல் வண்டியின் மாடுகள் வழி தெரிந்தவையாக இருந்தால் போதும். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் பொதி மேல் சாய்ந்து கண் அயர்வார்கள். ஏர்க்காலில் வண்டி மைக் குழாய் தொங்கும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மையைக் கடையாணியைக் கழற்றி அச்சில் தடவாவிட்டால், மரக்குடமும் இரும்பு அச்சும் உரசி எழுப்பும் ஓலம் அரை மைல் கேட்கும். திரும்புகாலில் உப்பும் கருவாடும் ஏறும். இரும்புப் பட்டா போட்ட சக்கரங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் உருண்டதால் பாதை பக்கத்துப் புஞ்சையை விடத் தாழ்ந்தது. மழையில் அந்தப் பள்ளமே ஓடையாகி மேலும் அரித்தது. பாதை எது, ஓடை எது என்று பிரித்தறிய முடியாத இடங்கள் இன்றும் இந்தப் பக்கம் உண்டு.

1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறக்கப்பட்டது. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாக அது போனதால், அந்தத் தடத்தில் இருந்த ஊர்கள் வளர்ந்தன. சிற்றூராக இருந்த கோவில்பட்டி, பஞ்சும் ஆலையும் தீப்பெட்டியும் உள்ள நகரமாயிற்று. 1901இல் அங்கே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையும் வந்தது. கிழக்கே இருந்த எட்டயபுரமும் எப்போதும்வென்றானும் ரயிலுக்கு வெளியே நின்றன. ஜமீன் தலைநகராக இருந்தும் எட்டயபுரம் பின்தங்கியதற்கு இது ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் ரயில் வண்டிப்பாதைகளைக் கொன்றுவிடவில்லை. தூத்துக்குடியை நோக்கிப் போன பாதைகளில் பல மேற்கே திரும்பி ரயில் நிலையங்களை நோக்கிப் போயின. எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும், கழுகுமலை மாட்டுத்தாவணிக்கும் கால்நடைகள் பழைய தடங்களிலேயே நடந்தன. அறுவடை முடிந்த புஞ்சைகளில் கிடை போட்டுப் போகிற கீதாரிகளுக்கும் அவைதான் வழி.

அடுத்த மாற்றம் சைக்கிளால் வந்தது. இறக்குமதிச் சைக்கிள் முதலில் மிராசுதாரரிடமும் வாத்தியாரிடமும் மட்டும் இருந்தது. 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியபின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டியது. வாடகைச் சைக்கிள் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகள் ஆளானதும் அதே சைக்கிளில் கேரியர் கட்டிப் பிழைக்கப் போனார்கள். பால், கருவாடு, ஐஸ், பாத்திரம், துணி என்று எல்லாமே வண்டித்தடத்தின் நடுமேட்டில் சைக்கிளில் வந்தன. இரண்டு சக்கரப் பள்ளங்களுக்கு நடுவே, மாட்டின் குளம்படி பட்டு இறுகிய அந்த ஒன்றரை அடி அகல மேடு சைக்கிளுக்கென்றே போட்டதுபோல் அமைந்தது. ஆனால் மழையில் அந்த மேட்டிலும் ஓட்ட முடியாது. கரிசல் டயரில் சுருண்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே திணிந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஓட்டுகிறவர் இறங்கி ஒரு குச்சியால் நோண்டி, பத்தடி தள்ளி, மறுபடி நோண்டி, கடைசியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சரள் மேடு வரை நடப்பார். சுமக்கப் பிறந்த சைக்கிளைச் சுமந்து போன ஆட்கள் இந்தப் பக்கம் ஏராளம்.

கோடையின் எதிரி முள். உடைமரமும் கருவேலும் எப்போதும் இருந்தவைதான். 1950களுக்குப் பிறகு விறகுக்காகப் பரவிய சீமைக்கருவேலம் பாதையோரங்களை அடைத்து, அதன் முள் தடம் முழுவதும் சிதறியது. பஞ்சர் கடைகளுக்கு அது ஓயாத வேலை தந்தது. டியூபைத் தண்ணீர்த் தட்டில் அமுக்கிக் குமிழி பார்த்து, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டபின் கடைக்காரர் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பார். ஒடிந்த முள்முனை உள்ளே இருந்தால் அடுத்த ஊர் போவதற்குள் மறுபடி காற்று இறங்கிவிடும்.

தார்ச்சாலை 1960களுக்கு மேல் ஊராட்சி ஒன்றியங்கள் வழியாகவும், 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் வழியாகவும் சிற்றூர்களை எட்டியது. பஸ்ஸும் டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் வந்தபின் பாரவண்டி மறைந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி மற்றவர்களுக்கும் விரிந்த அரசின் இலவசச் சைக்கிள்கூடப் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடுகிறது. மாட்டு வண்டி பந்தயத்தில் வாழ்கிறது. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து நடக்கும் அந்தப் பந்தயங்களுக்கும் இன்று தார்ச்சாலைதான் களம். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை எப்போதும்வென்றானை ஒட்டியே போகிறது.

பாதைகள் மண்ணில் மங்கினாலும் ஆவணத்தில் அழியவில்லை. எட்டயபுரம் ஜமீன் நிலங்கள் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டப்படி ரயத்துவாரிக்கு மாறியபோது அவை அளக்கப்பட்டன. கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை இரட்டைக் கோடாகவும் நடைபாதை ஒற்றைக் கோடாகவும் பதிவானது; பல பாதைகளுக்குத் தனிப் புல எண்ணும், 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்ற வகைப்பாடும் உண்டு. பொதுப்பாதைகள் அரசின் உடைமை என்பதை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே வரையறுத்துவிட்டது. நடைமுறை வேறு. இருபுறப் புஞ்சைக்காரரும் ஆண்டுக்கு ஒரு சால் கூட்டி உழுது பாதையை விழுங்கியதும், முள் மண்டி வழி அடைபட்டதும் பரவலாக நடந்தவை. வண்டிப்பாதைத் தகராறு இல்லாத ஊர் அபூர்வம்.

இங்கிலாந்தின் தென்பகுதிச் சுண்ணாம்புக் குன்றுகளில் இதே கதை வேறுவிதமாக முடிந்தது. அங்கேயும் பழங்கால மந்தைவழிகள் சேற்றுப் பள்ளத்தை ஒதுக்கி உலர்ந்த மேட்டைப் பிடித்தே போயின. மந்தைகளும் வண்டிகளும் நின்றபின்னும் குதிரைப்பாதை என்ற சட்ட உரிமை அவற்றுக்கு மிஞ்சியது. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் அந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையையும் தந்தது. சவுத் டவுன்ஸ் வே 1972இலும் ரிட்ஜ்வே 1973இலும் தேசிய நெடும்பாதைகளாகத் திறக்கப்பட்டன. மலைச் சைக்கிள் அங்கே பரவியபோது பாதை தயாராகக் காத்திருந்தது. கரிசல் காட்டில் பாதையும் இருக்கிறது, அதைப் பொதுச்சொத்தாக்கும் சட்டமும் இருக்கிறது. அதை வழியாக வைத்திருக்கும் ஏற்பாடுதான் இல்லை. பருத்தி போன தடங்களைப் பதிவேட்டின் துணையோடு அளந்து, முள் நீக்கி மீட்பது ஊராட்சிகளால் ஆகக்கூடிய வேலை; செய்ய வேண்டிய வேலையும்கூட.

இன்று புஞ்சைக்குப் போகிற டிராக்டருக்கும், ஆட்டு மந்தைக்கும், அவ்வப்போது கியர் சைக்கிளில் வருகிற இளைஞர்களுக்குமே இந்தத் தடங்கள் பயன்படுகின்றன. தடித்த டயர் சரளைத் தாங்கும். முள்ளுக்கு அதுவும் தப்பாது. தை முதல் ஆவணி வரை தடம் உறுதியாக இருக்கும். விதைப்பு தொடங்கியபின் கரிசலில் இறங்கக் கூடாது. குருமலைக் காப்புக்காட்டுக்குள்ளும், வெளிமான்களுக்காக 1987இல் அமைக்கப்பட்ட வல்லநாடு சரணாலயத்துக்குள்ளும் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும்.