தோட்டத்து இயந்திரமும் தோட்டத்துப் பள்ளியும்

ஊவா மலைநாட்டிற்கு இயந்திரம் முந்தி வந்தது. பள்ளிக்கூடம் பிந்தி வந்தது. பிந்தி வந்த பள்ளிக்கூடமும் இயந்திரத்தின் வாசலை எட்டிப் பாராதவாறே அமைக்கப்பட்டது. பதுளைத் தோட்டங்களின் கல்வி வரலாற்றை இவ்வளவில் அடக்கிவிடலாம். மேல்வகுப்பு மாணவர்க்கு மோட்டார் வாகனம் பழுதுபார்க்கும் பயிற்சியளிப்பது பற்றி இன்று பேசப்படுகிறது. நல்ல பேச்சே. ஆயின் அதன் பின்னே நிற்கும் வரலாற்றை அறியாமல் அதன் பெறுமதியை நாம் எடைபோட முடியாது.

1869இல் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமையிலே கோப்பி இலையில் ஒரு துருநோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது இலங்கையின் கோப்பித் தொழிலையே அழித்தது. அதனிடத்தில் தேயிலை வந்தது. கோப்பியைத் தோல் நீக்கி உலர்த்திக் கொழும்புக்கு அனுப்பி அங்கே பக்குவப்படுத்த முடிந்தது. கொழுந்து அவ்வாறு காத்திராது. பறித்த மறுநாளுக்குள் அதை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தியாக வேண்டும். ஆகவே ஆலை தோட்டத்துக்கே வர நேர்ந்தது. அப்புத்தளைக்கு அருகே தம்பதென்னையில் லிப்டன் தன் தொழிற்சாலையை 1890இல் எழுப்பினார். நீர்ச்சக்கரமும் நீராவியும் எண்ணெய் எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறின. 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது; மாட்டு வண்டி சென்ற பாதையில் லொறி ஓடத் தொடங்கியது.

இயந்திரங்கள் இவ்வாறு பெருகிய காலத்தில் தொழிலாளியின் குழந்தைக்கு என்ன கற்பிக்கப்பட்டது? தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துரைமார் மீது சுமத்தியது. 6 முதல் 10 வயது வரையே அக்கல்வி. 1927ஆம் ஆண்டுச் சட்டமோ 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது என்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளி முடியும் வயதும் பெரட்டுக்குப் போகும் வயதும் ஒன்றாக இருந்தன. கைநாட்டு வைக்காமல் கையெழுத்திடும் அளவுக்கு எழுத்து, பேர்ச்சீட்டைப் பார்க்கும் அளவுக்கு எண், அதற்கு மேல் வேண்டியதில்லை என்று முதலாளித்துவம் கணக்கிட்டது. கொழுந்து கிள்ளும் விரல்களுக்கு எஞ்சினின் தத்துவம் எதற்கு?

ஆயின் அவ்விரல்களுக்கு உரியவர்கள் வேறொன்றை நிரூபித்தார்கள். 1940இல் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். தோட்டத்துரை அச்சபையோடு கலந்து பேச இணங்கவேண்டியதாயிற்று. நிர்வாகத்தைத் தட்டிக் கேட்கும் அறிவுடையோர்க்கு இயந்திரத்தின் அறிவு எட்டாதென்று சொல்ல எவர்க்கும் நியாயம் இருக்கவில்லை.

நாட்டின் பிற பகுதிகளில் கதவுகள் திறந்தபோதும் தோட்டத்தின் கதவு அடைத்தே கிடந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதன் பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1958இல் பஸ் சேவை தேசியமயமாயிற்று. அதன் வாகனங்களைப் பேணும் தொழிலாளரைப் பயிற்றுவிக்க, மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் வெரஹெரவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் தோன்றியது. அதுவே பின்னர் மொறட்டுவைக்கு மாறி, 'ஜெர்மன் டெக்' என்று புகழ்பெற்றது. நற்பணிதான். ஆனால் குடியுரிமை இல்லாத தோட்டத்து இளைஞனுக்கு அரச தொழில் எட்டாக்கனி. அவன் லொறிக்குக் கிளீனராக ஏறினான். அல்லது நகரத்துக் கராஜில் எண்ணெய்த் துணி பிழிந்து, பாஸின் கைவேலையைக் கண்ணாற் பார்த்துத் தொழில் கற்றான். கற்றதற்குச் சான்றிதழ் இல்லை.

அடுத்து நிகழ்ந்ததை வரலாற்றின் கேலி என்றே சொல்லவேண்டும். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்சார் பாடங்களைப் பள்ளிக்குள் கொணர்ந்தது. அப்போது தோட்டப் பள்ளிகளிற் பெரும்பாலானவை அரச கல்வியமைப்புக்கு வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில் அவை உள்ளே வந்தபோது அத்திட்டம் கைவிடப்பட்டிருந்தது! நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 2013இல் உயர்தர வகுப்பில் தொழில்நுட்பத் துறை தொடங்கியது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 26 தொழிற்பாடங்களை வகுத்தது. மோட்டார் வாகனக் கற்கையும் அவற்றுள் ஒன்று. சாதாரண தரத்திற் சித்தியடையாதோரும் அதனைப் பயிலலாம்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். தொழிற்கல்வி என்றதும் முற்போக்காளர் ஐயுறுவதற்குக் காரணம் உண்டு. 1953இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம், பிள்ளைகள் பள்ளியில் நேரத்தைக் குறைத்துப் பெற்றோரின் தொழிலைப் பழகும்படி செய்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் காமராஜர் ஆட்சி அதனைக் கைவிட்டது. பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே கட்டிப்போடும் கல்வி அது. ஆனால் 1866இல் ஜெனீவாவில் கூடிய அகிலத்தின் மாநாட்டுக்கு மார்க்ஸ் எழுதியனுப்பிய அறிவுரைகள் மனப்பயிற்சி, உடற்பயிற்சி, தொழில்நுட்பப் பயிற்சி மூன்றையும் ஒருங்கே கோரின. கருவியைக் கையாளும் கைக்கு, உற்பத்தியின் தத்துவத்தை அறியும் மூளையும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஓர் உதாரணம் காண்போம். அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியே இறங்கும் வாகனத்தில் பிரேக்கை இடைவிடாது மிதித்தால் சக்கரத்தின் பிரேக் சூடேறுகிறது, உராய்வு குறைகிறது, பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாய் அமிழ்கிறது. திரவம் அமுக்கத்தைக் கடத்தும், ஆவியோ நசுங்கிவிடும் என்பது பௌதிகப் பாடம். பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதால் அது முன்னதாகவே கொதிக்கும் என்பது இரசாயனம். சிறு கியரிலே இறக்கத்தைக் கடக்க வேண்டுமென்று கராஜில் வளர்ந்த பையனும் அறிவான். ஏன் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளியிற் படித்தவன் ஏன் என்பதைப் பரீட்சையில் எழுதுவான். அவன் கையில் ஸ்பேனரை எவரும் தரவில்லை. இவ்விரு பாதி அறிவும் ஒன்று சேராத மலைப்பாதையில் பஸ்ஸில் ஏறுவோர் நம் மக்களே.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. மோட்டார்ப் பயிற்சி, தோற்றவர் ஒதுங்கும் கொட்டகையாக இருக்கலாகாது. கணிதமும் விஞ்ஞானமும் பயிலும் மாணவனும் மாணவியும் அப்பட்டறையில் நுழைய வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளைத் தமிழ்ப் பள்ளிகளில் அது தமிழிலேயே கற்பிக்கப்பட வேண்டும். அதற்குரிய ஆசிரியரும் நூலும் வேண்டும். கராஜில் அனுபவத்தாற் கற்றோரின் திறனைச் சோதித்துத் தேசியத் தொழிற்றகைமை வழங்கும் வழி உண்டு. அதனைத் தோட்டத்து இளைஞர் அறியச் செய்வது ஆசிரியர் கடமை.

ஒன்றரை நூற்றாண்டாக நம் மக்கள் இயந்திரத்துக்குக் கொழுந்து சுமந்து கொடுத்தனர். இனி அவர் பிள்ளைகள் அதனைத் திறந்து பார்க்கட்டும்.