ஈ.சி. க்ளீனா இருக்கு, அட்வான்ஸ் கொடுக்கலாமா? குமரி மாவட்டத்தில் வீடு வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஐந்து சென்டில் ஒரு வீடு பிடித்துப் போகிறது. வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. ‘இன்னைக்கே டோக்கன் போட்டுருங்க’ என்கிறார் புரோக்கர். வளைகுடாவில் பல வருஷம் சம்பாதித்த பணம் இந்த இடத்தில்தான் அவசரத்தில் கை மாறுகிறது.

வேறு மாவட்டத்தில் வீடு வாங்கிய நண்பரின் செக்லிஸ்ட் இங்கே அப்படியே போதாது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. நிலச் சட்டம், வாரிசு முறை, பத்திரத்தின் மொழி என்று பலதும் வேறாக இருந்தன. அந்தப் பழசு இன்னும் ஆவணங்களுக்குள் இருக்கிறது.

ஈ.சி.யில் எல்லாமே தெரிஞ்சிடாதா?

தெரியாது. பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்கள் மட்டும்தான் அதில் வரும். அப்பா உயில் எழுதாமல் இறந்து, மூன்று பிள்ளைகளுக்குப் பங்கு வந்திருந்தால் அது அதில் இருக்காது. பதிவு செய்யாத உயிலும் இருக்காது. பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான விவரங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தையதை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துத்தான் தேட வேண்டும். குமரியில் சிக்கல் பெரும்பாலும் அந்தப் பழைய காலத்தில்தான் இருக்கிறது.

பட்டாவும் தீர்வை ரசீதும் வருவாய்த் துறையின் ஆவணங்கள். அவை மட்டும் இருந்தால் உரிமை வந்துவிடாது. ‘ரிஜிஸ்டர் ஆபீஸ்ல சரிபார்த்துத்தானே பதியறாங்க’ என்ற நம்பிக்கையும் வேண்டாம். விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வாங்குபவரின் வேலை.

பழைய பிரமாணம் மலையாளத்தில் இருக்கே?

இங்கே பத்திரத்துக்குப் பிரமாணம் என்றும் ஆதாரம் என்றும் பெயர் (ஆதார் கார்டு இல்லை!). 1956-க்கு முந்தையவை பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். 1110 என்று இருந்தால் 1934 அல்லது 1935. ‘யாருக்கும் படிக்கத் தெரியாது, விடுங்க’ என்று விற்பவர் சொன்னால் விடாதீர்கள். மொழிபெயர்த்து வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

அதில் இருப்பது பழைய சர்வே எண், பட்டாவில் இருப்பது ரீசர்வே எண். இரண்டும் ஒரே இடம்தானா என்பதை வருவாய்த் துறை ஆவணத்தை வைத்து உறுதி செய்ய வேண்டும். அளவும் பொருந்த வேண்டும். பத்திரம் சென்டில் பேசும், பட்டா ஏரில் பேசும். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

அண்ணன் தம்பி கையெழுத்து போட்டா போதுமா? அக்கா தங்கச்சிக்குத்தான் நகை போட்டாச்சே!

இந்த மாவட்டத்தில் வீடு வாங்குபவர் கட்டாயம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916-ல் வந்தது. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை. அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1970-களிலேயே இதே நிலையை எடுத்திருந்தது.

அதாவது, அந்தத் தேதிக்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் எல்லோருக்கும் சமம். ஆனால் வீட்டுப் பேச்சில் பழைய வழக்கமே இன்னும் ஓடுகிறது. ‘அவளுக்குக் கல்யாணத்துக்கே கொடுத்தாச்சு’ என்பது சட்டப்படி விடுதலைப் பத்திரம் ஆகாது.

இந்துக் குடும்பங்களிலும் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை உண்டு என்பதை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொருவரும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை. கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது.

வீட்டில் ஒற்றிக்கு ஆள் இருக்காங்களே?

மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருப்பது ஒற்றி. நாஞ்சில் நாட்டில் சாதாரணம். பலரும் வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வதால் ஈ.சி.யில் காட்டாது. ஆனால் வீட்டில் ஒருவர் குடியிருக்கும்போது, அவருக்கு என்ன உரிமை என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அவரிடமே நேரில் கேளுங்கள். ஒற்றிப் பணத்தைக் கிரயத் தொகையிலிருந்து நேராக அவருக்கே கொடுத்து, ரசீது வாங்கி, சாவி கைக்கு வந்த பிறகு பதியலாம்.

வயல்ல போட்ட மனை, மலையடிவாரம்?

மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேவஸ்வம் நிலம் என்றால் அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் விற்பனை செல்லாது. மலையோரத்தில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலத்துக்கு மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

2023 ஏப்ரல் முதல் முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 3.6 லட்சம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1% டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குபவர். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் விற்பவருக்கு வருமான வரித் துறை அபராதம் உண்டு.

பத்திரம் எழுதிக் கையெழுத்தானால் நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிவு முடிந்ததும் பட்டா மாறுதல். முழு இடத்தையும் வாங்கினால் தானாகவே நடக்கும். ஒரு பகுதி மட்டும் என்றால் சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். அந்த அளவையின்போது பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். வழிப்பாதைத் தகராறு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.